இரண்டாம் படியில் ஒரு மேடு

தடிமன் மூன்று படியாகக் குறைகிற இரும்புத் தண்டு, அவ்வளவுதான். திரையில் அந்த மாடலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி வழுவழுவென்றுதான் இருந்தது. ஆனால் அதிலிருந்து கணினி எடுத்துக் கொடுத்த வெளிக்கோட்டில், இரண்டாம் படியின் நடுவே, நகக்கண் அளவுக்கு ஒரு மேடு.

இரும்பைச் சுற்றவிட்டுக் கடைகிற லேத்துக்கு முழு உருவம் வேண்டாம். தண்டை அச்சில் ஒரு சுற்று சுற்றினால் வெளியே எட்டுகிற விளிம்பு எதுவோ, அந்தப் பாதிக் கோடு போதும்; மீதியை மெஷின் சுற்றிக்கொள்ளும். பதினோரு வருஷமாக அந்தக் கோட்டை எடுத்துத்தான் அவள் வீட்டில் அடுப்பெரிகிறது. பட்டறையில் அவளுக்குக் கோட்டக்கா என்றே பெயர். கோட்டக்காவிடமே கோடு விளையாடுகிறதா என்று அலுத்துக்கொண்டு, அழித்துவிட்டு மறுபடி எடுத்தாள். மேடு கொஞ்சம் வளர்ந்திருந்தது.

விடுமுறை நாள் பிற்பகல், வெளியே மழை கட்டி இருட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கூடம் முழுக்க மெஷின்கள் மெயின் சுவிட்ச் அணைந்து கிடந்தன. கூலண்ட் எண்ணெயின் புளித்த வாடையும், எங்கோ ஒரு குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் சத்தமும், இரும்புச் சுருள்கள் தானாகச் சரிந்து கிர்ரென்று ஓய்கிற ஒலியும் மட்டும் அவளுக்குத் துணை. கோடியில் இருந்த பெரிய லேத்தை மட்டும் பார்க்காமல் தவிர்த்தாள்.

போன மாதம் அந்த லேத்தில்தான், அதை ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் செத்துப்போனார். கதவு திறந்திருக்க, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக் சுற்றிக்கொண்டிருக்க, சட்டைக் கை மாட்டியது. அவரேதான் கையை உள்ளே விட்டார் என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்துவிட்டார். கதவைத் திறந்தால் மெஷினை நிறுத்துகிற சுவிட்சுக்குள் உபரிச் சாவி ஒன்றைச் செருகி, டேப் ஒட்டி, ஏமாற்றி வைத்திருப்பது எல்லோருக்கும் தெரியும். முதல் பீஸ் வெட்டுவதை எட்டிப் பார்க்க வசதி. "இருக்கட்டும்ணே, எடுக்காதீங்க" என்று அவளே அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

நாளைக் காலை அதே லேத்தில் நிற்கப்போவது அவள் வீட்டுக்காரர்.

மூன்றாம் முறை, சுழற்றி எடுக்காமல் தண்டை நெடுக வெட்டி எடுத்தாள். படிகளே இல்லை. கோடு நெற்றியாக இறங்கி, புருவத்தில் மேடிட்டு, மூக்காக நீண்டது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து அவர் உடைத்துக்கொண்ட மூக்கு. கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால் தடவிச் சொல்லிவிடுவாள்.

போனை எடுத்தாள்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"வீட்லதான். ஃபேனக் கழட்டி மாட்டினேன், ஒரு ஸ்க்ரூ மிச்சம் வருது. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"நாளைக்கு அந்த மெஷின்ல நிக்காதீங்க."

"நிக்கலன்னா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்கம்மா. இப்ப மருவத் தடவிக்கிட்டேதானே பேசுற?"

உண்மைதான். உதட்டுக்குக் கீழே, மோவாயில் இருந்த மருவை விரல் தேய்த்துக்கொண்டிருந்தது. பயம் வந்தால் அவளுக்கு அதுதான் பழக்கம். போனை வைத்தாள்.

திரையில் அந்த வாய் திறந்திருந்தது.

அவள் தொடவே இல்லை. மவுஸ் தள்ளி இருந்தது. வாய் இன்னும் கொஞ்சம் திறந்தது. அலறுகிறவனின் வாய்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு ஆளை விழுங்கியது போதாதா? அந்தச் சாவி விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அவளுக்கு இது வேண்டும்தான். அவருக்கு எதற்கு?

"யார்கிட்ட வந்து காட்டுற" என்று எழுந்தாள்.

கூடத்தில் அவள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. லேத்தின் கதவை இழுத்துத் திறந்தாள். சக்கில் நாளைக்கு வெட்ட வேண்டிய உருட்டுக் கம்பி, தோல் சீவாமல், கறுப்பாக. சுவிட்சைத் துழாவினாள். டேப் எண்ணெயில் ஊறி வழுக்கியது. நகத்தால் பிய்த்தாள். சாவியைப் பிடுங்கினாள்.

"அவர தரமாட்டேன்."

திரும்பிப் பார்த்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், திரையில், மூன்று படி. நேர்க்கோடு. மேடு இல்லை, மூக்கு இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. சாவியை உள்ளங்கை வலிக்க இறுக்கினாள்.

முதுகுக்குப் பின்னால் சக் சுற்றத் தொடங்கியது.

மெயின் சுவிட்ச் அணைந்திருந்தது. கதவு திறந்திருந்தது. சாவி அவள் கையில்.

மெல்லத் திரும்பினாள். கம்பி சுற்றிக்கொண்டிருந்தது, வேகம் ஏற ஏற, அதன் விளிம்பு நெளிந்தது. நெற்றி. மூக்கு. உடையாத மூக்கு. உதடு. உதட்டுக்குக் கீழே, மோவாயில், ஒரு சின்ன மேடு.

ஓடவில்லை. ஓடினால் நாளைக் காலை இங்கே நிற்கப்போவது யார் என்று அவளுக்குத் தெரியும்.

"நான்தானே? இங்கதான் நிக்கிறேன். முடிஞ்சா எடுத்துக்கோ."

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் லேத்தின் கதவைப் பிடித்து மூடத் தள்ளினாள். பாதிதான் நகர்ந்தது. காலை அழுத்தி ஊன்றி மறுபடி தள்ளினாள்.

காற்றே இல்லாத அந்தக் கூடத்தில், அவள் பின்னல் தோளைத் தாண்டி மெதுவாக எழுந்தது. கதவின் இடுக்கு வழியே நுழைந்து, சுற்றுகிற சக்கை நோக்கி, நேராக நீண்டு நின்றது. கம்பியில் அவள் முகம் வாயைத் திறந்தது.