தமிழ் பேசிய கல்

கொத்தனார்கள் வாயைத் திறக்காமல் வேலை செய்யப் பழகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. சுண்ணாம்புக் காரை பூசும் நாளில் வீட்டுக்காரர் மட்டும்தான் பேசலாம். அதுவும் வக்கீல் பார்த்துக் கொடுத்ததை. எல்லாம் கல்செவி வந்ததால்.

கல்செவி என்பது இட்லித் தட்டு அளவில் ஒரு கருவி. பழைய காரையின் மேல் அதை அழுத்திப் பிடித்தால், அந்தக் காரை இறுகிய கடைசிச் சில நிமிடங்களில் பக்கத்தில் யார் என்ன பேசினார்களோ அது காதுக் குமிழில் கேட்கும். வந்த புதிதில் உலகமே அரண்மனைகளுக்கு ஓடியது. சுவர் காயும்போது அரசர் பக்கத்தில் நிற்கமாட்டார், கொத்தனார்தான் நிற்பார் என்பது ஓடியவர்களுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. வரலாறு திருத்தி எழுதப்பட்டது. மூன்று பேரரசுகளின் பொற்காலத்தைப் பற்றி இன்று நமக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயம், மதியச் சோற்றில் உப்பில்லை என்பதுதான்.

நம் ஊரிலும் மாற்றங்கள் வந்தன. காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளின் விலை ஏறியது. வாங்கியவர்கள் சுவரைக் கேட்டபின் இறங்கியது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்க்குமுன் பெண் வீட்டுச் சுவரைக் கேட்டார்கள். சிமெண்ட் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது என்பதால் கட்சி அலுவலகங்கள் எல்லாம் சிமெண்டிலேயே எழும்பின.

கருவியின் அடியில் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. கேட்பதற்காகக் கல்செவி காரையின் மேல்தோலைச் சூடாக்கி இளக்குகிறது. கேட்டு முடித்ததும் அது மறுபடி இறுகும். அப்போது பழைய ஒலி போய், சுற்றியிருக்கும் புதிய ஒலி உள்ளே குடியேறும். ஆகவே கேட்கும்போது பேசாதீர்கள். இதைப் பெரும்பாலோர் படிக்கவில்லை. படித்தவர்கள், படித்ததைப் பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கிக்கொண்டே கேட்டார்கள்.

மெக்சிகோவின் யுகடான் காட்டில் சுற்றுலாப் பேருந்து நின்றபோது, மணிமொழியின் கவலை இதுதான். அவள் மொழியியல் ஆய்வு மாணவி. பழைய மாயர்கள் எப்படிப் பேசினார்கள் என்பது அவள் ஆய்வு. நான்கு வருஷமாக இடிபாடுகளின் காரையைக் கேட்டு அவள் சேர்த்ததெல்லாம் சுற்றுலாப் பயணிகளின் குரல். ஒரே ஒரு சுத்தமான குரல் கிடைத்தால் ஆய்வேடு பிழைக்கும். கிடைக்காவிட்டால் நான்கு வருஷமும் போச்சு.

அந்தக் குரலுக்காகத்தான் கும்பகோணத்திலிருந்து கிளம்பிய இந்தக் கூட்டுச் சுற்றுலாவில் அவள் ஒட்டிக்கொண்டாள். காலையில் மாயர்களின் பாழ்நகரம், அங்கே குழுவுக்குக் கேட்க ஒரு சுவர். மதியம் செனோட்டேயில் குளியல். செனோட்டே என்றால், சுண்ணாம்புப் பாறையின் கூரை இடிந்து விழுந்து தானாக உண்டான ஆழக் கிணறு.

மேனேஜர் கலியபெருமாள் பேருந்தின் படியில் நின்று தலைகளை எண்ணினார். விரலை நீட்டி, ஒவ்வொரு தலைக்கும் ஒரு குத்து. இறங்கியதும் ஒருமுறை. டிக்கெட் வாசலில் ஒருமுறை. நடுவில் யாராவது குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தால் முதலிலிருந்து இன்னொருமுறை. பாரிஸில் ஒருவரை விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து அவருக்கு இந்தப் பழக்கம் என்று வண்டியில் பேசிக்கொண்டார்கள். விட்டுவிட்டு வந்தது அவருடைய மைத்துனரை என்பதால், வேண்டுமென்றே செய்தார் என்றும் ஒரு கட்சி இருந்தது.

உள்ளூர் வழிகாட்டி நோஎமி கனுல், மாயர் வம்சத்துப் பெண். முப்பது வயது இருக்கும். அவள் பேசுவது எல்லார் காதுக் குமிழிலும் தமிழாகி வந்தது. குமிழுக்குச் செய்தி வாசிக்கும் தமிழ் மட்டும்தான் தெரியும். "அன்பர்களே, கொசுக்கள் தங்களைக் கடிக்கின்றன என்பதை அறிவேன்" என்று அவள் சொன்னதாக அது சொன்னது.

படிக்கட்டுக் கோபுரத்தின் அடியில், காரை பூசிய ஒரு சுவரில் நோஎமி கல்செவியை வைத்தாள். எல்லாரும் தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருந்தார்கள். முதலில் இரைச்சல். பிறகு, தூரத்திலிருந்து வருவதுபோல ஒரு குரல்.

"வாங்க... வாங்க... அங்க என்ன பார்வை... வெயில் ஏறுது..."

தமிழ்.

கூட்டம் மொத்தமாகப் பேச ஆரம்பித்தது. நடுவில் செம்பியன் ஐயா கண் கலங்க நின்றார். ஓய்வுபெற்ற மின் பொறியாளர். உலகத்தின் எல்லா இனங்களும் தமிழர்களே என்று மூன்று நூல்களில் நிறுவியவர். மிச்சமிருந்தது மாயர்கள் மட்டும்தான். அவர் அந்த இடத்திலேயே நேரலை தொடங்கினார்.

மணிமொழி அவர் காதருகே போய் மெதுவாகச் சொன்னாள். "ஐயா, கடைசியில 'பஸ் கிளம்பிடும்'னு வருது. கேட்டீங்களா?"

"பஸ் தமிழ்ச்சொல்தாம்மா. இரண்டாம் நூல், நாலாம் அத்தியாயம்."

அவர் நேரலைக்குத் திரும்பி, உரத்த குரலில், மாயன் தமிழனே என்று மூன்று தடவை அறிவித்தார். சுவர் இன்னும் சூடாகத்தான் இருந்தது.

நிழலுக்கு நடக்கும்போது நோஎமி மணிமொழியிடம் உண்மையைச் சொன்னாள். சுற்றுலா நிறுவனம் எல்லாச் சுவருக்கும் மொழி பிரித்து வைத்திருக்கிறதாம். இது தமிழ்ச் சுவர். முந்தின தமிழ்க் குழு விட்டுப்போன குரலை அடுத்த தமிழ்க் குழு கேட்கும். அந்தப் பக்கம் கொரியச் சுவர், அதற்கும் பின்னால் ஜெர்மன். வருகிறவர்கள் எல்லாரும் தங்கள் மூதாதையரைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போகிறார்கள். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு ஒரு புகாரும் வரவில்லை.

"எங்கள் மொழிக்கு ஒரு சுவரும் ஒதுக்கப்படவில்லை" என்றது குமிழ். "நாங்கள் நுழைவுச்சீட்டு வாங்குவதில்லை அல்லவா."

ஆனால் நோஎமியின் ஊர்ச் செனோட்டேயில் ஒரு படி இருந்தது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பழங்காலத்துக் காரை பூசிய ஒற்றைப் படி. ஊர்க்காரர்கள் அதில் கல்செவி வைக்க யாரையும் விட்டதில்லை. அடுத்த வருஷ மழைக்காலம் முடிந்ததும் நிறுவனம் அந்தச் செனோட்டேயையும் எடுத்துக்கொள்ளப்போகிறது. அதற்குள் ஒருமுறை, ஒரே ஒருமுறை, கேட்டுவிடலாம் என்று ஊர் முடிவு செய்திருந்தது. பதிவு செய்து, கேட்டதைப் புரிந்துகொள்ள ஓர் ஆராய்ச்சியாளர் வேண்டும். அதற்குத்தான் மணிமொழி. சிக்கல் என்னவென்றால், வழிகாட்டி குழுவை விட்டு நகரக் கூடாது. கேட்பதானால் குழுவின் பதினேழு பேரும் கூடவே இருப்பார்கள். காட்டுக் கிணற்றில் எதிரொலி வேறு. யாராவது பேசினால் பேச்சு காரைக்குள் ஏறும். பழைய குரல் பாதியில் அறுந்துவிடும்.

மணிமொழி கலியபெருமாளிடம் ஓடினாள். "அண்ணே, மூணு நிமிஷம். ஒருத்தரும் பேசக் கூடாது. முடியுமா?"

கலியபெருமாள் தன் குழுவைத் திரும்பிப் பார்த்தார். விமானத்தில் ஆக்ஸிஜன் முகமூடி செயல்விளக்கத்தின்போது பணிப்பெண்ணுக்குத் திருத்தம் சொன்ன குழு அது.

"பேசக் கூடாதுன்னு சொன்னா, ஏன் பேசக் கூடாதுன்னு பேசுவாங்க" என்றார். கொஞ்சம் யோசித்தார். "கமர்கட் இருக்கு."

விமானத்தில் காது அடைக்காமலிருக்க அவர் ஒரு டப்பா நிறையக் கமர்கட் கொண்டுவந்திருந்தார். வெல்லமும் தேங்காயும் சேர்த்துக் கல்லாக்கிய, பல்லோடு பல்லை ஒட்டவைக்கும் ஊர்க் கமர்கட்.

செனோட்டே பச்சை வெளிச்சத்தில் இருந்தது. மேலே இடிந்த கூரையின் ஓட்டை வழியாக மரவேர்கள் தண்ணீர் வரை தொங்கின. அடி தெரியாத நீலம். சுடிதாரும் வேட்டியும் லைஃப் ஜாக்கெட்டுமாக எல்லாரும் முதலில் ஆசை தீரக் குளித்தார்கள். இவ்வளவு சில்லுன்னு இருக்கே என்பதை ஒருவருக்கொருவர் உறுதி செய்துகொண்டார்கள். பிறகு கலியபெருமாள் கரையேற்றி, எண்ணி, வாய்க்கு ஒன்றாகக் கமர்கட் போட்டார். கொலுசுகளைக் கழற்றச் சொன்னார். செம்பியன் ஐயாவிடம் மட்டும், "ஐயா, இதுவும் தமிழாத்தான் இருக்கும். சுத்தமாப் பதிவாகட்டுமே" என்றார். ஐயா இரண்டு கமர்கட் வாங்கிக்கொண்டார்.

நோஎமி படியில் கல்செவியை வைத்தாள். மணிமொழி பதிவுக் கருவியைத் தொட்டாள்.

இரைச்சல். நீர் சொட்டும் ஒலி. பிறகு ஒரு பெண்ணின் குரல்.

ஒரு சொல், நிறுத்தம். ஒரு சொல், நிறுத்தம். ஒரு சொல். யாருக்கும் மொழி புரியவில்லை. குமிழ் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒதுங்கிவிட்டது. ஆனால் மணிமொழி தற்செயலாகத் திரும்பியபோது, கலியபெருமாளின் விரல் காற்றில் குத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குத்து.

அந்தப் பெண் எண்ணிக்கொண்டிருந்தாள்.

குரல் ஓரிடத்தில் நின்றது. முதலிலிருந்து மறுபடி எண்ணியது, இந்தத் தடவை வேகமாக. அதே இடத்தில் நின்றது. கலியபெருமாளின் விரலும் நின்றது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

பிறகு அவள் ஒரு பெயரைக் கூப்பிட்டாள். பெயர்தான், பெயரைத் தவிர வேறு எதையும் மனிதர்கள் அப்படிக் கூப்பிடுவதில்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவை குரல் உடைந்தது. பதினேழு பேரும், ஆயிரம் வருஷத்துக்கு முன் யாரோ இறங்கிய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். கமர்கட் மட்டும் போதாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நீர் பிளக்கும் ஓசை. ஒரு பையனின் சிரிப்பு. உடனே பளாரென்று ஓர் அடி. அந்தப் பெண் மூச்சு விடாமல் நீளமாக ஏதோ சொன்னாள், நடுவில் அழுதாள், பையன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அதோடு முடிந்தது.

காரை மறுபடி இறுகும்வரை யாரும் அசையவில்லை. பிறகு நோஎமி கருவியை எடுத்தாள்.

கடைசியில் அவள்தான் பேசினாள். குமிழ் வழக்கம்போல நிதானமாக வாசித்தது. "பாதிதான் புரிந்தது. ஆனால் அடி கொடுத்தபின் அப்பெண்மணி கூறியதை என் தாயாரும் என்னிடம் பலமுறை கூறியுள்ளார். அதனை மொழிபெயர்க்க இயலாது."

செம்பியன் ஐயா கமர்கட்டைக் கன்னத்துக்கு ஒதுக்கினார். "இது மாயன் இல்லம்மா. போன வாரம் வந்த ஏதோ உள்ளூர்க் குடும்பம். சாமியைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா, சூரியனைப் பத்தி இருக்கா? புள்ளையத் தேடுறதுக்கா அவ்வளவு பெரிய நாகரிகம்?"

பேருந்தில் ஏறும்போது கலியபெருமாள் எண்ணினார். வழக்கமான விரல் குத்து இல்லை. ஒவ்வொரு தலையையும் தொட்டுத் தொட்டு எண்ணினார். செம்பியன் ஐயாவின் தலையையும்.

பதிவைக் கேட்ட பல்கலைக்கழகம் செம்பியன் ஐயாவின் கருத்தையே இன்னும் நல்ல தமிழில் சொன்னது. பதிவில் உள்ள உரையாடல் மாயர் நாகரிகத்தின் தகுதிக்குப் பொருத்தமாக இல்லை. சமகாலச் சுற்றுலாக் குழு ஒன்றின் ஒலி கலந்திருக்க வாய்ப்பு அதிகம். இதற்கிடையே ஐயாவின் நேரலையைப் பார்த்துவிட்டு அந்தப் படிக்கட்டுக் கோபுரத்துக்குத் தமிழ்க் குழுக்கள் அலையலையாகப் போயின. சுவரில் கல்செவியை வைத்தவர்களுக்கெல்லாம் "மாயன் தமிழனே" என்று சுவரே மூன்று தடவை சொன்னது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்டார்கள்.

மணிமொழி விடாமல் முறையிட்டதால், மறு வருஷம் பல்கலைக்கழகக் குழு ஒன்று செனோட்டேக்கே நேரில் வந்தது. படியில் இப்போது அந்தக் குரல் இருக்காது என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மூலத்தைப் பார்க்காமல் முடிவு சொல்ல விதி இல்லை என்றார் குழுத் தலைவர். சென்னைக்காரர், பண்பானவர். படியில் தானே கல்செவியை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார்.

நீர் சொட்டும் ஒலி. மூச்சுகள். மிக மெல்லிதாக, யாரோ எதையோ சப்பும் ஓசை. வேறொன்றும் இல்லை.

"அமைதியா இருக்கேம்மா. இங்கே மனுஷங்களே வந்தது கிடையாது போல."

"வந்தோம் சார். அது நாங்கதான். கும்பகோணத்துலேர்ந்து பதினேழு பேர். மூணு நிமிஷம் யாரும் வாயைத் திறக்கல."

தலைவர் கண்ணைத் திறந்தார். அவளையே பார்த்தார். நல்ல மனிதர்தான், அடக்க முயன்றார், முடியவில்லை.

காரை இன்னும் இறுகியிருக்கவில்லை. அந்தப் படியில் இப்போது இருப்பது அவருடைய சிரிப்புதான்.