வீட்டோடு தங்குகிற டீச்சர்

காப்பி நாறியது. டம்ளரை வாய்க்கருகே கொண்டுபோனபோதே ஞானவடிவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் எதிரே உட்கார்ந்திருந்த தங்கக்கனி அம்மாள் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு மிடறு குடித்து வைத்தாள். பால் கெட்ட நாற்றம் இல்லை. மீன் கழுவிய விரலை டம்ளர் விளிம்பில் யாரோ தேய்த்துவிட்டுப் போனதுபோல, இனிப்பும் கவிச்சியுமாக ஒன்று நாக்கில் ஒட்டிக்கொண்டு, தொண்டைக்குள் மெதுவாக இறங்கியது.

"வாடை அடிக்கா டீச்சர்? சிப்பிதான். பிள்ளைக்கு அதுதான் விளையாட்டு. அவ அப்பா முத்து வியாபாரம்லா? அழுகினதுக்குள்ள கையை விட்டுத் துழாவிக்கிட்டே கிடப்பா. சோறு தண்ணி வேண்டாம்."

தூத்துக்குடியில் இதற்கெல்லாம் யாரும் மூக்கைப் பிடிப்பதில்லை. சங்கு குவித்து வைக்கிற கிட்டங்கிக்குப் பக்கத்து வீட்டிலேயே கல்யாணப் பந்தி நடக்கும். சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, சதையைப் புழு தின்று தீர்த்தபின் அலசித்தானே முத்தெடுக்கிறார்கள். அந்த வாடையில் சோறு தின்று வளர்ந்தவள் ஞானவடிவு. வந்த குமட்டலை விழுங்கிக்கொண்டாள்.

விழுங்கக் காரணம் இருந்தது. உலகச் சண்டை முடிந்து, பட்டாளத்துக்குப் போன வாத்தியார் திரும்பிய கையோடு மிஷன் பள்ளிக்கூடத்தில் அவள் பார்த்த பதிலாள் வேலையும் முடிந்தது. அண்ணன் ஜெபசீலன் வீட்டு அடுப்படி மூலையில் அவள் பாய். கொழும்பில் ஒரு பெண்பிள்ளைக்கு இங்கிலீஷ் சொல்லித்தர வீட்டோடு தங்கும் டீச்சர் வேண்டும், தனி அறை உண்டு என்று கடைக்காரர் வீரபாகு அண்ணாச்சி வந்து சொன்ன அன்றே மதினி ஆரம்பித்துவிட்டாள்.

"ஏளா, தனி ரூமாம்ளா! மகாராணி இனி எங்களையெல்லாம் எங்க நினைக்கப்போறா? போ, போ. அந்த மூலைல விறகாவது அடுக்கலாம். விறகு பெருமூச்சு விடாது பாரு."

தனி அறை. நாளைக்குக் கப்பல். இன்றைக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் துறைமுகத்தை ஒட்டிய சந்தில், அம்மாளும் பிள்ளையும் வாடகைக்கு வந்து தங்கியிருக்கும் இந்த வீட்டுக்கு, வெயில் சாய்கிற நேரத்தில் வந்திருந்தாள்.

"முதல்ல பிள்ளைகிட்ட ரெண்டு வார்த்தை பேசிப் பாருங்க. பிடிச்சா வாங்க. கட்டாயம் ஒண்ணும் இல்ல."

உள்ளறைக்கு விளக்கு இல்லை. பிள்ளைக்கு வெளிச்சம் ஆகாதாம். சாத்திய ஜன்னல் இடுக்கில் வந்த கொஞ்ச வெயிலில் ஒரு கட்டிலும், அதைச் சுற்றித் தொங்கிய கொசுவலையும் தெரிந்தன. வலை கறுப்பாக இருந்தது. அருகே போனபோது அந்தக் கறுப்பு நகர்ந்தது; ஈ, வலை முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாக ஈ, பிள்ளையின் நிழல்கூடத் தெரியாதபடி. நாற்றம் இங்கே நாற்றமாகவே இல்லை, எண்ணெய்போல அவள் உதட்டில் படிந்தது. வலைக்குள் ஒரு சத்தம். ஈரக் களிமண்ணைப் பிசைவதுபோல. சளப். நின்றது. சளப்.

"குட் ஈவினிங், டீச்சர்."

வெள்ளைக்காரிகளிடம் படித்த ஞானவடிவுக்கே வாய்க்காத உச்சரிப்பு.

"குட் ஈவினிங். வாட் இஸ் யுவர் நேம்?"

சளப். "கம் குளோசர், டீச்சர்."

ஒரு ஈ அவள் வாயோரம் உட்கார்ந்தது. தட்டிவிட்டு, அறை வாசலில் நின்ற அம்மாள் பக்கம் திரும்பினாள்.

"நல்லாப் பேசுதாளேம்மா. நான் என்ன சொல்லிக்கொடுக்க?"

"எல்லாம் முந்தின டீச்சர் சொல்லிக்கொடுத்தது. கயத்தாத்துக்காரி. தங்கமான குணம்."

"ஏன் நின்னுட்டாங்க?"

"நிக்கலையே." அம்மாள் தலையில் துணியைச் சரிசெய்துகொண்டாள். "பாடம் சொல்லத்தான் இனி முடியாது. அதுக்காக அனுப்பிற முடியுமா? பிள்ளைகூடவே இருக்கா. கப்பல்லயும் கூட வருவா."

பாவம், படுத்த படுக்கை போலிருக்கிறது. வேண்டாம், இந்த வீடு வேண்டாம் என்று வயிறு சொல்லிற்று. அடுப்படிப் பாயும், கதவில்லாத அந்த மூலையும், இருட்டில் மதினி பேச்சும் நினைவுக்கு வந்தன.

"உங்க அறைக்குக் கடலைப் பார்த்து ஜன்னல்," என்றாள் அம்மாள். "உள்ள தாழ்ப்பாள் உண்டு. நீங்களாத் திறந்தாத்தான் உண்டு. ஒருத்தரும் கதவைத் தட்ட மாட்டாங்க."

ஞானவடிவு சேலைத் தலைப்பால் உதட்டைத் துடைத்தாள்.

"வாரேன்மா."

"சந்தோஷம்." அம்மாள் கூடத்துக்குப் போனாள். தெருக்கதவில் தாழ் விழுந்தது. திரும்பி வந்தபோது கையில் அரிக்கன் விளக்கு. "இனி நீங்க வீட்டு ஆளுல்லா. உங்களுக்கு எதை மறைக்க?"

வெளிச்சம் தரையில் விழுந்தது. தூத்துக்குடிக்காரியின் கண் தானாகவே சிப்பி ஓட்டைத் தேடிற்று. அழுகின சிப்பி இருந்தால் ஓடு கிடக்கும். மூலையில் குவிந்திருக்கும், காலில் குத்தும். கட்டிலடியில் பார்த்தாள். சுவரோரம் பார்த்தாள். துடைத்த தரை.

ஓடு இல்லை.

ஒன்றுகூட இல்லை.

சளப்.

"அம்மா, வலையைத் தூக்காதீங்க," என்றாள் ஞானவடிவு.

அம்மாள் தூக்கினாள். ஈ எழும்பியது.

பிள்ளைக்குப் பத்து வயது இருக்கும். எண்ணெய் வைத்து வாரிய தலை. பிச்சிப்பூ. பக்கத்தில் படுத்திருந்தவளின் வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தது. படுத்திருந்தவளுக்கும் யாரோ அன்றைக்குத்தான் தலைவாரிவிட்டிருந்தார்கள். மூக்குக்கண்ணாடி நேராக இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஏதோ நெளிந்தது.

பிள்ளை கையை உருவியது. விரல் நுனியில் ஒட்டியதை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தது. முகத்தைச் சுளித்து, கட்டிலில் விரித்திருந்த பாயில் துடைத்தது. பிறகு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, தன் மறுபக்கத்தில் இன்னும் நனையாமல் கிடந்த பாயை, வழிகிற கையால் மெல்லத் தட்டிக் காட்டியது.