ஈரப் பக்கம்

மூன்றாவது பெடலிலிருந்து உருவிய வயரின் முனை ஈரமாக இருந்தது.

தன் கை வியர்வைதான் என்று நினைத்துக் கட்டைவிரலால் துடைத்தாள். துடைத்த இடம் வழுவழுத்தது. விரலை எடுத்தபோது மெல்லிய இழை ஒன்று நூல்போல நீண்டு, அறுந்து, மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. மூக்கருகே கொண்டுபோனாள். பல் துலக்காத வாயின் வாடை. கிட்டார் துடைக்கும் துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். துடைத்துவிட்டு, மறுபடியும் துடைத்தாள்.

காலை பதினொரு மணி. வீட்டின் பின்னறைகள் இரண்டையும் ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றி ஆறு வருடம் ஆகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்ஃபோன் மாட்டியபடி அவள் கணவன். இந்தப் பக்கம் அவளும் கிட்டாரும், காலால் அமுக்கி ஒலியை மாற்றத் தரைப்பலகையில் வரிசையாகப் பொருத்திய ஐந்து பெடல்களும். இருவரும் வெகுநாள் காத்திருந்த பட வேலை இது. "கேக்கறவன் எழுந்து போகக் கூடாது, நிம்மதியா உக்காரவும் கூடாது, அப்படி ஒரு சத்தம் வேணும்" என்று சொல்லியிருந்தார் இசையமைப்பாளர். சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும்.

அதற்காகவே புதிதாக ஒரு கலவைப் பெட்டியை வரிசையில் சேர்த்திருந்தாள். கிட்டாரின் ஒலி அதற்குள் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி எதிலும் படாமல் அப்படியே வெளியே வரும். அதற்கு ட்ரை, அதாவது உலர்ந்தது, என்று பெயர். மறுபாதி எதிரொலிப் பெடலுக்குள் போய்க் குழைந்து திரும்பும், அது வெட், ஈரமானது. எது எவ்வளவு என்பதை நடுவிலிருக்கும் ஒற்றைக் குமிழ் முடிவு செய்யும்.

வயரை மீண்டும் செருகி ஒரு தந்தியை மீட்டினாள். சுத்தமான ஒலி. குமிழை வெட் பக்கம் கொஞ்சம் திருப்பினாள். எதிரொலி வந்தது; அதன் அடியில் வேறொன்றும் வந்தது. யாரோ வாயை மூடாமல் மெல்லுவதுபோல, நாக்கு மேலண்ணத்தை விட்டுப் பிரிவதுபோல, எச்சில் சேர்ந்து சேர்ந்து கடைசியில் ஒரு மடக்காக உள்ளே இறங்குவதுபோல ஒரு சத்தம். மூன்றடி தள்ளியிருந்த ஒலிபெருக்கியிலிருந்து, ஆம்ப்பிலிருந்துதான் அது வந்தது. ஆனாலும் தன் காதுமடலில் வெதுவெதுப்பாக எதுவோ படிவதுபோல அவளுக்குக் கூசியது.

சுவரிலிருந்த சின்ன ஸ்பீக்கரில் கணவன் பேசினான். "அருமை. இன்னும் கொஞ்சம் வெட் ஏத்து."

"அடியில ஒரு சத்தம் வருதே, கேக்கலையா உங்களுக்கு? யாரோ சாப்பிடற மாதிரி."

"காலையில இருந்து நான் ஒண்ணும் சாப்பிடல. குத்திக் காட்டறியா?" சிரித்தான். "ஏத்தும்மா. இதைத்தான் அவர் கேட்டாரு."

ஏற்றினாள். சத்தம் நெருங்கியது. பூச்சாடியில் ஒரு வாரம் கிடந்த தண்ணீரின் வாடை தரையிலிருந்து கிளம்பியது. பெட்டியைத் தொட்டாள், காய்ச்சல்காரர் நெற்றிபோலச் சுட்டது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, அதைச் செய்து கொடுத்தவருக்குப் போன் போட்டாள். எல்லோரும் அவரைப் பெட்டிக்காரர் என்றே கூப்பிடுவார்கள்.

"சுடுதா? சுட வாய்ப்பே இல்லம்மா. அதுக்குக் கரண்டே கிடையாது. ஒரு குமிழ், நாலஞ்சு கம்பி, அவ்வளவுதான். சந்தேகம்னா திறந்து பாரு, பூச்சியா கடிச்சிடப் போகுது?"

வயர்களை உருவிவிட்டு, அடித்தகட்டின் நான்கு திருகாணிகளையும் கழற்றித் திறந்தாள். அவர் சொன்னபடிதான் இருந்தது. ஒரு குமிழ், நாலைந்து கம்பி. ஆனால் ஈயம் வைத்த புள்ளிகள் எல்லாம் சப்பித் துப்பிய மிட்டாய்போலத் தேய்ந்து, மழுங்கி, பளபளத்தன. உட்சுவர் முழுக்க நக்கித் துடைத்த தட்டின் பளபளப்பு. மூலையில் நுரைத்த எச்சில் ஒரு சொட்டு. அதில் குட்டிக் குட்டியாகக் குமிழிகள் உடைந்துகொண்டிருந்தன.

வாயைப் பொத்திக்கொண்டு பெட்டியைக் காலால் தள்ளினாள். கிட்டாரை நேராக ஆம்ப்பில் செருகினாள். சத்தம் நிற்கவில்லை. கிட்டாரையும் உருவினாள். ஆம்ப்பில் இப்போது எதுவுமே செருகியிருக்கவில்லை.

மென்றது. விழுங்கியது.

ஆம்ப்பின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

அமைதி.

மூச்சு விட்டாள். அப்புறம்தான் கண்ணாடியைப் பார்த்தாள். கணவன் கண்களை மூடித் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தான், நல்ல பாட்டுக்கு ஆட்டுவதுபோல. அவன் எதிரே ஒலியளவு காட்டும் முள் ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது.

"என்னங்க, நான் வாசிக்கல."

அவன் கண் திறக்கவில்லை.

"எல்லாத்தையும் நிறுத்திட்டேன். காதுல இருந்து அதை எடுங்க."

கிட்டாரைக் கீழே போட்டாள். நடைவழியில் ஓடினாள். அவன் அறைக் கதவின் கைப்பிடி வழுக்கியது. சட்டை நுனியால் பிடித்துத் திறந்தாள்.

வாடை முகத்தில் அறைந்தது. பாலும் ஈறும். சூடு.

அவன் தோள் நனைந்திருந்தது. காலர் நனைந்திருந்தது. ஹெட்ஃபோனின் விளிம்பிலிருந்து எச்சில் கழுத்தில் இறங்கியது. கெட்டியாக. நிதானமாக. தொட அவளுக்குக் கை வரவில்லை. கட்டிய கணவன், தொடக் கை வரவில்லை.

தொட்டாள். ஹெட்ஃபோனின் வலப்பக்கக் கிண்ணத்தைப் பிடித்து இழுத்தாள். பிரிய மறுத்தது. உறிஞ்சிப் பிடித்திருந்தது. இன்னும் பலமாக இழுத்தாள். ப்ளக் என்று விட்டது.

காது இல்லை.

ரத்தம் இல்லை. காயம் இல்லை. உள்ளங்கைபோல மழமழவென்று, வெளிர்சிவப்பில், ஈரம் மின்னும் வெறும் தோல்.

அவள் பிடியில் கிண்ணத்தின் மெத்தை அசைந்தது. உள்ளிருந்து தடித்த ஏதோ ஒன்று, சொரசொரப்பாக, அவள் விரல்களுக்கு நடுவே நுழைந்து ருசி பார்த்தது. கத்த வாய் திறந்தாள். வாந்திதான் வந்தது.

அவன் கண் திறந்தான். அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தான். நாற்காலியை மெதுவாகத் திருப்பி, இடப்பக்கத்தைக் காட்டினான்.

"இங்க இன்னும் கொஞ்சம் இருக்கு. இரு, முடிஞ்சிடட்டும்."

இடப்பக்கக் கிண்ணம் தாடைபோல அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அசைவுக்கும் அவன் கன்னத்துச் சதை ஒரு மடிப்பு உள்ளே போனது. கண்ணின் ஓரம் கீழிறங்கியது. உதட்டின் ஓரம் மேலேறியது. சிரித்தபடியே, கொஞ்சம் கொஞ்சமாக.