முன்சொல்லி வாயடைத்த நேரம்

"உன் சிரிப்புக்கு முன்னாடி ஊட்டிக் குளிரெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்றான் பையன். அவனுக்கு வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

சுலோச்சனாவின் காதுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் ஒட்டியிருந்த முன்சொல்லிக் கருவி உடனே பேசியது. "பதினாறு படங்கள். முதலில் வந்தது 'மலைப்பாதை மனசு'. பேசியவர் கதாநாயகன், இடைவேளைக்குச் சற்று முன். கூடுதல் செய்தி: காட்சி எடுக்கப்பட்டது சித்திரை வெயிலில். பனியாகத் தெரிந்தது இலவம்பஞ்சு."

மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணின் காதிலும் அதே குரல் ஒலித்திருக்க வேண்டும். அவள் முகம் தொங்கிப்போனது. "பஞ்சாம்" என்றாள் அவனைப் பார்த்து.

"பரவால்லீங் தம்பி, இன்னும் ரெண்டு வாய்ப்பு இருக்குது. நிதானமா சொல்லுங்க" என்றாள் சுலோச்சனா. இதை அவள் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வாள்.

பையன் நெற்றி வியர்வையைத் துடைத்தான். "நீ கோவிச்சுக்கிட்டுக் கெளம்புனா, மொதல்ல உன் செருப்பத்தான் ஒளிச்சு வெப்பேன்."

முன்சொல்லி மூச்சு விடவில்லை. மேசையில் பச்சை விளக்கு எரிந்தது. பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு "ஏத்துக்கறேன்" என்றாள். சுலோச்சனா முத்திரையை அழுத்தினாள். செருப்பு வாக்கியம் அந்த நொடியே முன்சொல்லியின் வாக்கியக் கிடங்கில் ஏறியது. இனி ஊரில் வேறு எவனும் அதைச் சொல்லி ஒரு பெண்ணை ஏமாற்ற முடியாது. சுலோச்சனாவுக்கு அது நாற்பத்தோராயிரத்துச் சொச்சமாவது காதல். காதில் விழுந்ததே தவிர உள்ளே எங்கும் படவில்லை.

திருப்பூர் காதல்மொழிப் பதிவகத்தில் வேலை இதுதான். சினிமா பிறந்த நாளிலிருந்து வந்த அத்தனை காதல் படங்களையும் முன்சொல்லி கரைத்துக் குடித்திருந்தது. யாராவது ஒரு வாக்கியம் பேசினால் போதும், அது எந்தப் படம், யார் பேசியது, அன்றைக்குக் கதாநாயகிக்குக் காய்ச்சலா, மழை தீயணைப்பு வண்டியில் வந்ததா என்று புட்டுப் புட்டு வைத்துவிடும். முதலில் அது விளையாட்டுப் பொருளாகத்தான் வந்தது. நண்பர்கள் கூடினால் படத் துணுக்குகளைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள். அப்புறம் பெண்கள் விழித்துக்கொண்டார்கள். அடேயப்பா, நம்மிடம் உருகினவனெல்லாம் இரவல் வாங்கித்தான் உருகியிருக்கிறானா! கோபம் வந்தது, போராட்டம் வந்தது, கடைசியில் சட்டமும் வந்தது. கல்யாணம் கேட்கிறவர், ஆணோ பெண்ணோ, எந்தப் படத்திலும் வராத, வேறு யாரும் பதியாத ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். மற்றவர் அதை ஏற்க வேண்டும். மூன்று வாய்ப்பு.

முன்சொல்லியைக் கழற்றக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கழற்றிவிட்டுக் கேட்கிற வார்த்தையை எப்படி நம்புவது? சுலோச்சனா ஒருமுறை கழற்றிப் பார்த்தாள். காது அமைதியாகத்தான் இருந்தது. அந்த அமைதிக்கு மதிப்பில்லை என்பது அவளுக்கே தெரிந்ததால் பத்து நிமிடத்தில் மறுபடி ஒட்டிக்கொண்டாள்.

அவளுக்கென்று ஓர் அமைதி இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் பழனியப்பன் கொடுத்தது. சாயப்பட்டறையில் நிறம் சரிபார்க்கிற வேலை அவனுக்கு. இரண்டு துணிகளை வெயிலில் பிடித்து, இது அதுதானா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறவன். அதே கண்ணால் அவளைப் பார்த்து, இதே அலுவலகத்தில், இதே மேசையில் சொன்னான்: "நீங்க இருமுனாக்கூட எனக்குத் திரும்பிப் பாக்கணும்னு இருக்குதுங்க." முன்சொல்லி வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. அதற்குப் பிறகு வீட்டில் அவன் என்ன கொஞ்சினாலும் காதில் ஏதாவது ஒரு படம் வந்து உட்கார்ந்துகொண்டது. கொஞ்சம் கொஞ்சமாக அவன் கொஞ்சுவதை விட்டான், அவள் எதிர்பார்ப்பதை விட்டாள். ஆனால் அந்த ஒரு வாக்கியம் மட்டும் தன்னுடையது, எந்த நடிகனும் தொடாதது என்று அவள் வைத்திருந்தாள். அதை வைத்துத்தான் அந்தக் கல்யாணம் நின்றது என்று சொன்னாலும் தப்பில்லை.

இப்போது அதற்கும் வேட்டு வைத்தார்கள்.

பினாங்கில் ஒரு பழைய கொட்டகையை இடித்தபோது துருப்பிடித்த பெட்டியில் ஒரு படச்சுருள் கிடைத்ததாம். நூறு வருடத்துக்கு மேலாகத் தொலைந்துபோயிருந்த 'ஆற்றங்கரை அஞ்சலகம்'. துடைத்துச் சுத்தம் செய்து முன்சொல்லியின் கிடங்கில் ஏற்றினார்கள். மறுநாளே சுலோச்சனாவின் வீட்டுக்கு ஒத்திருத்தல் அறிவிப்பு வந்தது. முன்சொல்லி தன் வழக்கமான குரலில் வாசித்தது: "தங்கள் பதிவு வாக்கியம் முழுமையாகப் பொருந்துகிறது. நகைச்சுவைக் காட்சி. பேசியவர் துணை நடிகர், கதாநாயகியின் தோழியிடம். கூடுதல் செய்தி: தோழியாக நடித்தவருக்கு உண்மையாகவே இருமல். வசனம் எழுதப்பட்டதல்ல, நடிகர் அந்த இடத்தில் சொன்னது. முப்பது நாளுக்குள் புதிய வாக்கியம் பதியாவிட்டால் திருமணம் தானாக நீங்கும்."

"எனக்கெப்படிங்க தெரியும்? அந்தப் படத்த நான் எங்க கண்டேன்? எங்கப்பன் பொறக்கறதுக்கு முன்னாடியே தொலஞ்சு போனதாமே!" என்றான் பழனியப்பன், அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே.

"தெரியும். நீங்க திருடலீங்க" என்றாள் சுலோச்சனா. "ஆனா சட்டம் அதக் கேக்காது. நானே எத்தன பேருக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கேன்."

அழுகை வருமென்று சுலோச்சனா நினைத்தாள். வரவில்லை. நகைச்சுவை நடிகன் சொன்னதுக்கா நமக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று ஒரு நினைப்பு வந்தது, அதுவும் போய்விட்டது.

முப்பது நாளும் அவன் முயன்றான். அதைக் குறை சொல்ல முடியாது. சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்து, கையிலே நீலம் அப்பியபடியே எதிரில் உட்காருவான். 'உன் கையால ஒரு டம்ளர் தண்ணி' என்று ஆரம்பித்தால் எண்பத்தெட்டுப் படங்கள். அவள் பொட்டின் நிறத்தை எந்தச் சாயத்திலும் கொண்டுவர முடியவில்லை என்றான்; அது ஒரு புடவைக்கடைக் காதல் படத்தில் வந்திருந்தது, கூடுதல் செய்தி, இயக்குநருக்கு நிறக்குருடு. இட்லி, கொசு, கரண்ட்டு பில், எதைக் கொண்டு தொட்டாலும் எவனோ எங்கோ அதையும் காதலாக்கிப் பேசியிருந்தான். இருபதாம் நாளுக்கு மேல் இருவரும் முன்சொல்லி பேசி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு சாப்பிட்டார்கள்.

கடைசி நாள் காலையில் பதிவகத்துக்குப் போனார்கள். தன் வழக்கைத் தானே பார்க்க முடியாது என்பதால் சுலோச்சனா மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றாள். அவள் நாற்காலியில் மூத்த பதிவாளர் மரகதம் உட்கார்ந்திருந்தாள்.

"வா கண்ணு. தம்பி, பதட்டப்படாமச் சொல்லுங்க. மூணு வாய்ப்பு."

பழனியப்பன் சட்டைப்பையிலிருந்து முந்தின ராத்திரி எழுதிய ஒரு தாளை எடுத்து முதல் வாக்கியத்தைப் படித்தான். ஏழு படங்கள். இரண்டாவதைப் படித்தான். ஒரே ஒரு படம், அதுவும் எட்டு நாள்தான் ஓடியது; ஆனாலும் படம் படம்தானே. தாளில் மூன்றாவதாக எழுதியிருந்ததை ஒருமுறை பார்த்துவிட்டு அவன் மடித்து வைத்துக்கொண்டான்.

"இது நடக்காதுக்கா" என்றான் மரகதத்திடம். பிறகு மனைவி பக்கம் திரும்பினான். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "சுலோச்சனா, நெசமாச் சொல்றேன். வீட்ல நீ எதுக்க உக்காந்திருக்கறதும், அந்தச் சேரு காலியா இருக்கறதும் எனக்கு இப்ப ஒண்ணாத்தான் இருக்குது. கோவங்கூட வரமாட்டீங்குது."

சுலோச்சனா வழக்கம்போல் காத்திருந்தாள். படத்தின் பெயர் வர வேண்டும். யார் பேசியது, எந்த மழை, யாருக்குக் காய்ச்சல்.

ஒன்றும் வரவில்லை.

காதல் படத்தில் சண்டை வரும், பிரிவு வரும், தாலியைக் கழற்றி எறிவார்கள், விஷம்கூடக் குடிப்பார்கள். இப்படி ஒரு வாக்கியத்தைச் சும்மா உட்கார்ந்து சொன்னால் எவன் டிக்கெட் வாங்குவான்? நூற்றைம்பது வருடச் சினிமாவில் ஒருவரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. மேசையில் பச்சை விளக்கு எரிந்தது.

சுலோச்சனாவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கையில் மயிர் சிலிர்த்து நின்றது. கன்னமெல்லாம் சூடாகிவிட்டது. அவன் என்ன சொன்னான் என்பது அவளுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. ஆனால் காது அமைதியானால் அது காதல் என்று பதினோரு வருடமாக அவள் உடம்பு படித்து வைத்திருந்ததே, அது வேறு எதையும் கேட்கிற நிலையில் இல்லை.

"அக்கா, நான் அதுக்காகச் சொல்லல" என்றான் பழனியப்பன், விளக்கைப் பார்த்து மிரண்டு.

"மைக்கு ஓடிட்டுதான தம்பி இருந்துச்சு. மூணாவது வாய்ப்பு, தேறிருச்சு." மரகதம் சுலோச்சனாவை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் குரல் தாழ்ந்தது. "கண்ணு, யோசிச்சுச் சொல்லு. இதுதான் சான்றிதழ்ல ஏறும். வேண்டாம்னாலும் தப்பில்ல, இங்கயே முடிஞ்சுக்கும். ஏத்துக்கறயா?"

"ஏத்துக்கறேன்" என்றாள் சுலோச்சனா. சட்டென்று வந்துவிட்டது. முகத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அது அவளுக்குத் தெரியவுமில்லை.

மரகதம் முத்திரையை அழுத்தினாள். இயந்திரம் சான்றிதழைத் தள்ளியது. காலிச் சேரும் வராத கோபமும் நல்ல தடித்த எழுத்தில், ஓரமெல்லாம் பூக்கொடியோடு அச்சாகியிருந்தன.

வெளியே வராந்தாவில் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். செருப்பு வாக்கியம் போல ஒன்றைத் தேடி ஒரு ஜோடி உதட்டை அசைத்துப் பார்த்துக்கொண்டு நின்றது. சுலோச்சனாவின் நெஞ்சடிப்பு மெல்ல அடங்கியது. கையில் மயிர் படிந்தது. எல்லாம் அடங்கின பிறகு உள்ளே என்ன மிச்சமிருக்கிறது என்று அவள் தேடிப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர்மேல் வருத்தம் இருக்கிறதா? இல்லை. பாசம்? இல்லை. அவர் எழுந்து போய்விட்டால்? போகட்டும் என்றுதான் இருந்தது. அவர் உள்ளே ஒளிவில்லாமல் சொல்லிவிட்டார், பாவம். தான் சொல்லாமலிருப்பது நியாயமில்லை என்று அவளுக்குப் பட்டது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவரிடம் ஓர் உண்மை சொல்லப்போகிறோம் என்று தோன்றியது.

"ஏனுங்க" என்றாள். அவன் திரும்பினான். "எனக்கும் அப்படித்தானுங்க."

இரண்டு பேர் காதிலும் முன்சொல்லி ஒரே நேரத்தில் பேசியது. "நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். பேசியவர் பெரும்பாலும் கதாநாயகி. கூடுதல் செய்தி: இவற்றில் முந்நூற்றிருபது படங்களில் இதையடுத்து டூயட் பாடல்."

அது பேசி முடிக்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். பிறகு பழனியப்பன் எழுந்து வண்டியை எடுக்கப் போனான்.