காலியாக வரைந்த தாழி

காலை 7.10. முதுமக்கள் தாழியை மூடியிருந்த பலகையைத் தூக்கியதும் அகழாய்வு இயக்குநருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூவாயிரம் வருடமாக உள்ளே சுருண்டு கிடந்த குழந்தையைக் காணோம். ஒரு பல்கூட மிச்சமில்லை.

7.50. இன்ஸ்பெக்டர் அம்மாள் குழிக்குள் இறங்கினாள். பாதுகாக்கப்பட்ட இடம்; வேலியின் பூட்டு அப்படியே இருந்தது. பழி நேராக வாட்ச்மேன் தலையில் வந்து விழுந்தது.

"இவன் சீட்டைக் கிழிச்சு ஜெயில்ல தள்ளாம விடமாட்டேன்!" என்று குதித்தார் இயக்குநர்.

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்குத்தாம்மா டூட்டிக்கு வந்தேன். பலகையைத் தொடவேயில்ல," என்றார் வாட்ச்மேன். "வந்த கொஞ்ச நேரத்துல, மண்ணு போட்டு மூடின பழைய குழிங்க பக்கம் ஒரு பொம்பளைக் குரல் தாலாட்டு பாடிச்சு. ஈரக்குலையே நடுங்கிடுச்சு."

"குடிச்சிருப்பே," என்றார் இயக்குநர்.

"பிள்ளைங்க மேல சத்தியமா இல்ல சார்!"

பேய் பாடலாம். பலகையை ஒழுங்காக மூடிவிட்டுப் போகும் பேயை இன்ஸ்பெக்டர் இதுவரை பார்த்ததில்லை.

8.15. குழியைப் படமாக வரையும் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"நேத்து என்ன நடந்துச்சு?"

"சார் நாலு மணிக்குப் போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாரு. நான் தாழியை வரைஞ்சேன். அஞ்சரைக்கு மூடும்போது குழந்தை இருந்துச்சு. வீட்டுக்குப் போயிட்டேன்."

"ஞாபகத்துல இருந்து வரைவீங்களா?"

"அய்யோ! கண்ணு முன்னால இருக்கறதை மட்டும்தான் வரையணும். ஒரு கல்லைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ கூடாது."

இன்ஸ்பெக்டர் அவளுடைய தாளை வாங்கிப் பார்த்தாள். மூலையில் தேதி, நேரம் 5.20. தாழியின் விரிசல்கள். அடியில் மூன்று கூழாங்கற்கள். பிறகு இயக்குநரின் போட்டோவைப் பார்த்தாள்.

"போட்டோல குழந்தை படுத்திருக்கு. கல்லு தெரியல. எலும்பை எடுத்தாத்தான் அந்த மூணு கல்லும் கண்ணுல படும். 5.20க்கே தாழி காலி. எடுத்தது நீங்கதான். பாடினதும் நீங்கதான்."

அவள் தன் வரைபடத்தைப் பார்த்தாள். "பொய்யா வரைய கை வரலைங்க."

"எதுக்கும்மா எடுத்தீங்க?"

"இன்னைக்குப் பெட்டியில போட்டு நம்பர் ஒட்டியிருப்பாங்க. என் குழந்தை செத்தப்பவும் ஆஸ்பத்திரியில கால்ல நம்பர் கட்டித்தான் குடுத்தாங்க. அந்த மாதிரி மறுபடி பார்க்க மனசு வரலைங்க. மண்ணுக்குள்ளயே தூங்க வெச்சுட்டேன்."

"எங்கே?" என்று கத்தினார் இயக்குநர். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

மூடிய குழிகள் நாற்பது. இன்ஸ்பெக்டர் வாட்ச்மேனிடம் திரும்பினாள். "தாலாட்டு எந்தக் குழி பக்கம் கேட்டுச்சு?"

அவர் அந்தப் பெண்ணையே பார்த்தார். பிறகு இயக்குநரைப் பார்த்தார்.

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம்மா," என்றார்.