மேடத்துக்கு ஒரு துணை

பெட்டியைக் கட்டியிருந்த நைலான் நூல் அறுந்திருக்கவில்லை. அவிழ்ந்திருந்தது.

அவள் மீன்தொட்டி முன் குனிந்து நின்று அந்த நூலையே பார்த்தாள். நேற்று அவளே போட்ட முடிச்சு அது. பல்செட் செய்யும் கூடத்தில் மெல்லிய கம்பிகளை முறுக்கிப் பழகிய கை. அவள் இறுக்கிக் கட்டினால் பிரிக்க ஊசி வேண்டும். துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டி இப்போது வாயைப் பிளந்துகொண்டு உப்புத் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் விட்டிருந்த சின்ன ஆண் கோமாளி மீன் கீழே மணலில் கிடந்தது. பாதி மட்டும்.

கல்யாணமாகி அவள் இந்த வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான். கணவனுக்கு இது இரண்டாம் தாரம். தொட்டி, செத்துப்போன முதல் மனைவி ஆசை ஆசையாக வைத்தது. அவள் வளர்த்த பெண் கோமாளி மீன்தான் இன்னும் அதில் தனியாக ஆண்டுகொண்டிருந்தது. காய்ந்த ரத்தத்தின் நிறம், மூன்று வெள்ளைப் பட்டை, எவரையும் மதிக்காத பார்வை. வீட்டில் அதற்கு 'மேடம்' என்று பெயர். துணையில்லாமல் மேடம் இளைத்துப்போகிறாள் என்று கணவன் புலம்பியபோது, "விடுங்க, நான் ஜோடி சேத்து வைக்கறேன்" என்று இவள்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். இந்த வீட்டில் ஏதாவது ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்துகாட்ட வேண்டும் என்றிருந்தது அவளுக்கு. கணவனின் மகள், ஏழு வயதுக் குட்டி, இதுவரை அவளை எந்த உறவு சொல்லியும் கூப்பிட்டதில்லை.

மீன்கடைக்காரர் முறையாகத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். பெண் மீன் தன் இடத்துக்குள் இன்னொன்றை விடாது, கிழித்துப் போட்டுவிடும். அதனால் அதைவிடச் சின்ன ஆணாகப் பார்த்து, பெட்டியில் அடைத்து, தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு, இரண்டும் முகம் பார்த்துப் பழகிய பிறகுதான் திறக்க வேண்டும். பெட்டியில்லாமல் அவள் முதலில் விட்ட ஆணும் இப்படித்தான் பாதியாகப் போனது.

"குட்டி, பெட்டிய நீ தொறந்தியா?"

சிறுமி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் இல்ல."

"பொய் சொல்லாத. இப்ப பாரு, மேடம் அதக் கொன்னுடுச்சு."

"மேடம் கொல்லல." குரல் உள்ளே போயிற்று. "அந்தக் கல்லுக்கிட்ட போகாதன்னு தள்ளுச்சு. அவ்ளோதான். அதுதான் கேக்கல."

செத்த பாதியை வலையில் அள்ளி வெளிச்சத்தில் பிடித்தாள். சதை பிறைபோல வளைந்து துண்டாகியிருந்தது. ஓரத்தில் வரிசையாகப் பள்ளங்கள், கடைசியில் கோரைப்பல்லின் ஆழம். இந்த அச்சைத்தான் அவள் தினமும் மெழுகில் பார்க்கிறாள். மனுஷப் பல். குட்டிதான் கடித்துவிட்டாளோ என்று பயந்தாள். மறுகணமே அது வேறு பயமாக மாறியது. குட்டிக்கு மேல்வரிசை முன்பல் இரண்டும் விழுந்து, இன்னும் முளைக்கவில்லை. இந்த அச்சில் ஒரு பல்லும் குறையவில்லை.

கணவனிடம் சொன்னதற்கு, "பகல் பூரா பல்லையே பாத்தா மீன்லயும் பல்லுதான் தெரியும்" என்று சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள்.

கடைக்காரருக்குப் போன் செய்தாள். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "உள்ள இருக்கற கல்லையெல்லாம் இடம் மாத்தி வைங்கம்மா. எது தன் இடம்னே தெரியாமப் போச்சுன்னா அதோட கொட்டம் அடங்கிடும். அப்புறம் புதுசா ஒண்ண விடலாம்."

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கணவனுக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி. குட்டி உள்ளறையில் தூங்கினாள். வெளியே மழை கட்டிக்கொண்டு நின்றதில் கூடம் சாம்பல் பூத்தாற்போல் மங்கியிருந்தது. தொட்டியின் மோட்டாரை நிறுத்தினாள். வந்த நாளிலிருந்து காதில் விழுந்துகொண்டேயிருந்த அந்த முணுமுணுப்பு நின்றது. ஆனால் முழுதாக நிற்கவில்லை, மோட்டார் சத்தம் என்று அவள் இத்தனை நாள் நினைத்திருந்ததில் பாதி இன்னும் இருந்தது, ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு யாரோ மூச்சு வாங்குவதுபோல, இழுத்து, விட்டு, இழுத்து. தண்ணீர் ஏதோ குழாயில் வடிகிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். கையை விட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. பாசியும் உப்பும் கலந்த வாடை மூக்கில் ஏறியது.

சின்னக் கற்கள் சுலபமாக வந்தன. பின்னால் இருந்த பெரிய பவளக்கல் அசையவில்லை. அதன் நடுவில், முஷ்டி நுழையுமளவுக்கு ஒரு பொந்து.

மேடம் பாய்ந்து வந்து மணிக்கட்டைக் கடித்தாள். விலகிப் போய்த் திரும்ப வந்து, மறுபடி கடித்தாள். தண்ணீரில் ரத்தம் நூலாக ஓடியது.

"சும்மா இரு சனியனே!"

பிடிமானத்துக்காக விரல்களைப் பொந்துக்குள் விட்டாள். மணிக்கட்டு வரை போயிற்று. பிறகு முழங்கை வரை. கல்லே ஒரு சாண் கனம்தான். மறுபக்கம் கை வெளியே வந்திருக்க வேண்டும்.

வரவில்லை.

உள்ளே ஏதோ விரலில் பட்டது. மெத்தென்று. வெடுக்கென்று இழுத்தாள்.

அது பிடித்துக்கொண்டது.

கவ்வவில்லை. பிடித்தது. அவள் விரல்களுக்கு நடுவே வேறு விரல்கள், ஒவ்வொன்றாக, நுழைந்து, கோத்துக்கொண்டன.

கத்தினாள். சுண்டுவிரல் பின்பக்கமாக மடிந்தது. மடிந்துகொண்டே போயிற்று. மளுக். தண்ணீர் சிவந்தது. அடுத்த விரல். மளுக். தோள் இழுபட்டது. தொட்டியின் விளிம்பில் தாடை மோதிப் பிளந்தது. வாயில் உப்பு. தன் ரத்தமா, தண்ணீரா, தெரியவில்லை.

ஓடிவரும் கால்கள்.

"அம்மா! விடும்மா!"

அந்த வலிக்கு நடுவிலும் அவள் நெஞ்சு ஒரு கணம் இளகியது. கூப்பிட்டுவிட்டாள். "இழு கண்ணு, என்னப் பிடிச்சு இழு..."

"அம்மா, விட்டுடும்மா! இவங்க பாவம்மா!"

குட்டி அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு, பொந்தைப் பார்த்துக் கெஞ்சினாள்.

மூச்சுச் சத்தம் நின்றது. பிடி தளரவில்லை. உள்ளே இருந்தது, கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு சிவந்த தண்ணீருக்குள், அவள் தோளை உரசிக்கொண்டு, பொந்திலிருந்து இன்னொரு கை வெளியே வந்தது. வெளுத்து, ஊறிப்போய், மெதுவாக. மணிக்கட்டு. முழங்கை. இன்னும் நீண்டது. கண்ணாடியைத் தொட்டது. குட்டியின் கன்னம் அழுந்தியிருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து, வாஞ்சையாகத் தடவத் தொடங்கியது.

தடவத் தடவ, அந்த இடத்தில் கண்ணாடி விரிசல் விட்டது.