வருவிழியில் தெரிந்த துறைமுகம்

வருவிழிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த துறைமுகத்தில் பாதியைக் காணவில்லை. நடுவே கறுப்புத் திட்டுகள் மிதந்தன. கப்பல் நின்ற இடத்தில் கலங்கலாக ஏதோ அசைந்தது.

"டாக்டரம்மா, மெஷின் கெட்டுப்போச்சா?" என்றாள் ஹில்டா.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. இப்படியே போனா, பத்து வருஷம் கழிச்சு உங்க கண்ணு பார்க்கப்போறது இதுதான்," என்றார் டாக்டர் சண்முகவடிவு.

சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறை அந்தக் கண்ணாடியை மாட்டிப் பார்க்க வேண்டும் என்றாகிவிட்ட காலம் அது. விழித்திரையின் மெல்லிய ரத்தக்குழாய்களைப் படம் பிடித்து, உடம்பின் மற்ற கணக்குகளையும் சேர்த்து, வரப்போகும் பார்வையைக் காட்டிவிடும். ஹில்டா தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவள். உயரத்துக் கூண்டிலிருந்து கன்டெய்னரைத் துல்லியமாக இறக்குகிற கண்ணுக்கு என்ன வந்துவிடும் என்று ஆறு வருடம் ஆஸ்பத்திரிப் பக்கமே வராதவள்.

"சர்க்கரை வந்து பதினாலு வருஷமாச்சு. அதை மாத்த முடியாது. மத்ததை மாத்தலாம்." டாக்டர் ஒரு குமிழைத் திருகினார். "ரத்த அழுத்தம் குறைஞ்சா..."

ஒரு திட்டு சுருங்கியது.

"கொழுப்பும் குறைஞ்சு, சிறுநீரகமும் கெடாம இருந்தா... சர்க்கரையோட மூணு மாசச் சராசரி இறங்கினா..."

கலங்கலிலிருந்து கப்பல் மெல்ல வெளியே வந்தது. ஹில்டாவின் கை நாற்காலியை இறுகப் பிடித்திருந்தது.

"நாளைக்கே இறக்கிடுறேன் டாக்டரம்மா!"

"அவசரப்படாதீங்க. தடாலடியா இறக்கினா ஆரம்பத்துல கண்ணு மோசமாகவும் வாய்ப்பிருக்கு. மெதுவா இறக்குவோம். நடுவுல நான் பார்த்துக்கிட்டே இருப்பேன்."

பதினோரு மாதம். மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை. வேலை முடிந்ததும் கடற்கரைச் சாலையில் நடந்தாள். கடையில் மக்ரூன் இனிப்பைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உன் மூஞ்சி ஏன் இப்படிச் சுண்டிப்போச்சு?" என்று கணவர் லாசர் கேட்டபோது மட்டும் அழுதாள். கண் போனால் கூண்டு போகும், கூண்டு போனால் தான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுபடி வருவிழியை மாட்டினாள். துறைமுகம் முழுதாக இருந்தது. கப்பல், அதன் கொடி, கம்பியில் உட்கார்ந்திருந்த கடற்காகம் வரை எல்லாமே துலக்கம்.

"மாதாவே!" நெஞ்சிலிருந்து பெருமூச்சு ஒன்று புறப்பட்டது. தோள்கள் தளர்ந்தன.

அடுத்த கணம் பார்வையின் ஓரத்தில் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி முளைத்தது.

"டாக்டரம்மா! என்னமோ வந்திருச்சு!"

டாக்டர் திரையைப் பார்த்துச் சிரித்தார். "பயப்படாதீங்க. போன மாசம்தான் இந்தக் கணக்கைப் புதுசாச் சேர்த்தாங்க. உங்க நாடித்துடிப்பு தணிஞ்சதை மெஷின் கவனிச்சிருக்கு. எல்லாம் துலக்கமாத் தெரிஞ்சு நிம்மதியாப் போனவங்கள்ல பத்துக்கு நாலு பேர் அடுத்த வருஷம் வரவே இல்லையாம். அதனால நிம்மதியையும் ஆபத்துக் காரணங்கள்ல ஒண்ணாச் சேர்த்துட்டாங்க."

"நிம்மதியையுமா?"

"ஆமா. அடுத்த பரிசோதனைக்குத் தேதி போடுங்க, போயிடும்."

ஹில்டா அங்கேயே நாளைச் சொன்னாள். டாக்டர் பதிந்தார். புள்ளி கரைந்து மறைந்தது.

இன்னொரு பெருமூச்சு தொண்டை வரை வந்தது. அதை அப்படியே அடக்கிக்கொண்டு, வருவிழியைக் கழற்றி மேசையில் பத்திரமாக வைத்த பிறகுதான் விட்டாள்.